பழைய தக்கை

கையில் ஏறிய பெட்ரோல் வாடை சோப்புக்குப் போகாது. புளியும் சாம்பலும் சேர்த்துத் தேய்த்தால் பாதி போகும். மீதி நகக்கண்ணில் தங்கி அடுத்த வேளைச் சோற்றில் தெரியும். இரண்டு வருஷமாக எனக்குச் சோறு அப்படித்தான். உங்கள் மேஜை வரைக்கும் அடித்தால் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் சார், எனக்கு வருத்தமில்லை.

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. நானே பஸ் ஏறி அரியலூரில் இறங்கி, மாஜிஸ்திரேட் கோர்ட் எங்கே என்று வழியில் விசாரித்து வந்தேன். என் பெயர் சிந்தாமணி. தகப்பனார் வீரமுத்து, ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே கொள்ளிடக்கரையில் ஓடத்துறை பார்க்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மதராஸில் ஹாஸ்டலில் இருந்து பி.எஸ்சி. முடித்தேன், ரசாயனம். அதனால் நான் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். 'மதி மயங்கி' என்றோ 'விதிவசத்தால்' என்றோ உங்கள் குமாஸ்தா தன் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டாம். எனக்கு மதி மயங்கவில்லை. விதி என்று ஒன்று இருப்பதாக நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

முதல் விஷயம், கொளஞ்சியை விட்டுவிடுங்கள். மோட்டார் படகை ஓட்டியவன் அவன். ஆற்றிலிருந்து உயிரோடு கரையேறியவனும் அவன் ஒருவன்தான், அதற்காகவே அவனை லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். குடித்திருந்தான் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் குடிக்கிறவன்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை. குடித்திருந்தாலும் மோட்டார் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டாரை நிறுத்தியது நான். அது நின்றபோது நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

இறந்துபோன வைத்திலிங்கம் எனக்கு மாமா முறை. அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி. எங்கள் கரையில் நல்ல நிலம் எல்லாம் அவருடையது. துறையும் அவர் குத்தகைக்கு எடுத்ததுதான். அப்பா அவருக்குக் கீழே ஓடம் விட்டார். அவர் கெட்டவர் இல்லை. இதை அழுத்தி எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது வக்கீல் வந்து அவரைக் கெட்டவராக்கி என்னைக் காப்பாற்றப் பார்ப்பார். அவர் குடியானவர்கள் மேல் கை வைத்து நான் பார்த்ததில்லை. என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவிடம் வந்து, "என்ன மச்சான், இந்தப் புள்ள கண்ணப் பாருங்க. இதக் கொண்டுபோயி அடுப்புக்கு முன்னால ஒக்கார வைக்கப்போறீங்களா?" என்று கேட்டவர். ஆபீசர்கள் யாராவது அவர் வீட்டுக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். "எங்க அக்கா மவ. பி.எஸ்சி. நாந்தான் படிக்க வச்சேன்" என்பார். ஆபீசர் "ஓ" என்பார். பிறகு நான் உள்ளே போய்க் காபி எடுத்து வருவேன்.

உலகச் சண்டை முடிந்து, ராணுவத்தார் வேண்டாமென்று கழித்த சாமான்களை மதராஸில் ஏலம் போட்டார்கள். அதில் மாமா ஒரு மோட்டாரை எடுத்து வந்தார். படகோடு சேர்ந்தது இல்லை. தனியாக, ஒரு ஆள் தூக்குகிற கனத்தில், படகின் பின்பலகையில் திருகி மாட்டுகிற மோட்டார். அதன் தலையில் கயிற்றைச் சுற்றிச் சுண்டி இழுத்தால் ஓடும். ஜெயங்கொண்டத்தில் ரைஸ் மில் எஞ்சினில் வேலை பார்த்த கொளஞ்சியைக் கூட்டி வந்து டிரைவர் ஆக்கினார். கொள்ளிடத்தில் மோட்டார் வைத்துப் படகு விட்டவர் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வருகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஓடவில்லை. கொளஞ்சி அதற்குச் சூடம் காட்டினான், எலுமிச்சம்பழம் நறுக்கினான், கடைசியில் காலால் உதைத்தான். மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிந்தாமணி, இதோட ஒரு இங்கிலீஷ் பொஸ்தகம் வந்துச்சும்மா. இவன் படத்த மட்டும் பாத்துட்டு ஓட்டுறான். என்னா போட்ருக்குன்னு பாரு."

பார்த்தேன். படித்துச் சொல்லத்தான் போனேன். ஆனால் படித்துச் சொன்னது கொளஞ்சிக்கு விளங்கவில்லை, திருகாணிகளுக்கு அவன் விரல் பருமன். அதனால் நானே பிரித்தேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆனது. மாமாவின் சம்சாரம் கிருஷ்ணம்மாள் அத்தை கொல்லைக்கதவில் நின்று இடம் காட்டினாள்.

"ஏனம் வெளக்குற கல்லுமேல வச்சுக் கழுவு. உள்ள கொண்டாராத, நாத்தம் கொடலப் புடுங்குது."

ஆக, அந்த வீட்டுப் பாத்திரக்காரி பச்சைத் தண்ணீரில் குண்டான் தேய்ப்பாள், பக்கத்தில் நான் பெட்ரோலில் கார்புரேட்டர் தேய்ப்பேன். அவளுக்குக் கூலி உண்டு. எனக்கு, "நம்ம வூட்டுப் பொண்ணு" என்ற பெயர் உண்டு.

கார்புரேட்டர் மோட்டாரின் தொண்டை மாதிரி. பெட்ரோலும் காற்றும் அங்கேதான் கலந்து உள்ளே போகும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் ஆற்று மணலும் சேர்ந்து அதற்குள் வெண்டைக்காய்க் கூழ் போலப் பிசின் கட்டிக்கொள்ளும். ஊசிமுனை அளவுத் துளை கொண்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறது, ஜெட் என்று பெயர். கொளஞ்சி அதில் ஈர்க்குச்சி விட்டுக் குத்துவான். குத்தக் கூடாது. பெட்ரோலில் ஊற வைத்து வாயால் ஊத வேண்டும். நான் ஊதும்போது அவன் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

"பி.எஸ்சி. படிச்சுப்புட்டு எம் மோட்டாருக்கு மூக்கு சிந்தி வுடுறீங்களே பாப்பா" என்பான். நல்லவன். எனக்குச் சிரிப்பு வரும்.

மூடிக்கு அடியில் வைக்கிற அட்டை நைந்து போயிருந்தது. பட்டமளிப்பு அன்றைக்கு எடுத்த என் போட்டோவுக்கு நல்ல கெட்டி அட்டை கொடுத்திருந்தார்கள். அதை வெட்டி வைத்தேன். சொட்டுக் கசியவில்லை.

இப்போது தக்கைக்கு வருகிறேன், இது முக்கியம். கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு தக்கை மிதக்கும். கிண்ணம் நிறைந்ததும் தக்கை மேலே வந்து ஓர் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வருகிற வழியை அடைக்கும். குறைந்தால் இறங்கி வழிவிடும். தக்கை மிதக்கிற வரை மோட்டார் ஓடும். தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டால் வழி அடையாது. பெட்ரோல் நிற்காமல் வந்து வழியும். மோட்டாருக்கு மூச்சு முட்டி நின்றுவிடும். அப்புறம் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் அது எழாது. இழுக்க இழுக்க இன்னும் மூழ்கும்.

அந்த மோட்டாரில் வந்த தக்கை அப்படித்தான் கெட்டிருந்தது. மேலே பூசிய பூச்சு உரிந்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. டவுனில் மருந்துக் கடையில் பெரிய ஜாடித் தக்கை ஒன்று வாங்கி, பிளேடால் சீவி, அளவு பார்த்து, ஆசாரி மேஜைக்குப் பூசுகிற அரக்கை மேலே பூசிக் காய வைத்துப் போட்டேன். என்ன பூசலாம் என்று முதலில் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்திருந்தேன். அரக்கைப் பெட்ரோல் தொடாது. மெழுகைத் தின்றுவிடும். புதுத் தக்கை போட்டதும், கொல்லையில் தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடியது. ஒரு சத்தம் பிசகவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பட்டம் வாங்கியபோதுகூட இல்லை. உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

மோட்டாரை ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். மாமா ஏறினார், கொளஞ்சி ஏறினான். ஏறுகிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் படகில் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. பழைய தக்கையை எறியாமல் சன்னல் கட்டையில் வெயிலில் போட்டு வைத்தேன்.

இடையில் இங்கே அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மாமா வேண்டாம் என்றார். "நம்ம வூட்டுப் பொண்ணு அடுத்தவன் மணி அடிச்சா எந்திரிச்சு ஓடுறதா? ஒனக்கு இங்க என்னா கொறச்ச?" அப்பா தலையை ஆட்டினார். அவர் தலை அந்தப் பக்கம் மட்டும்தான் ஆடும்.

இந்த ஆனி மாதம் மாமாவும் கிருஷ்ணம்மாள் அத்தையும் தட்டில் வெற்றிலை பாக்கு பூ வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமா இரண்டாம் தாரம் பார்க்கிறார் என்று ஊருக்கே தெரியும். சட்டம் தடுக்கவில்லை, அத்தையும் தடுக்கவில்லை. முறைப்படி மூத்தவள் நான். அம்மா அவசரமாக எனக்குத் தலை வாரி, பூ வைத்து, கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். கழுவினேன். இதை வைத்து எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மா சொன்னாள், செய்தேன்.

"சின்னவளத்தான் கேக்க வந்தேங்க்கா" என்றார் மாமா.

சின்னவள் பூங்காவனம், என் தங்கை. பதினேழு வயது. உள்ளே கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்தது வெளியே கேட்டது.

அம்மா திகைத்துப்போய், "மூத்தவ இருக்காளே தம்பி" என்றாள்.

"அது படிச்ச புள்ள. அதுக்குக் கட்டுப்படியாவுற ஆளா நான்? டவுன்ல ஆபீஸ்காரனாப் பாப்பம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அதுவுமில்லாம, இது பக்கத்துல ஒக்காந்து பீடிகூடப் பத்த வைக்க முடியாதேக்கா, பத்திக்குமே" என்றார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரித்தார். தமாஷ்தான். நானும் சிரித்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை. அவ்வளவு சின்னப் புத்தி எனக்கு இல்லை.

என் கவலை பூங்காவனத்தைப் பற்றி. அவள் ஐந்தாவதோடு நின்றவள். மாமாவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல். ஒரு பெண்ணை அவளுக்கே புரியாத வயதில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பெறுகிற மாடாக ஓட்டிப்போவதை, படித்தவள் ஒருத்தி பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. முதலில் அப்பாவிடம் சொன்னேன். "நான் போயி வேணாம்னு சொல்றதா? அவரு தொறை, அவரு ஓடம்" என்று எழுந்து போய்விட்டார். பிறகு அவளிடமே பேசினேன்.

அவள் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டாரும் போவார்கள், அதில் சாதி மதம் கிடையாது. நானும் கூடப் போனேன். கோயில் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வேண்டாம் என்று சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஏங்க்கா வேணாங்கணும்? ரேடியோப் பெட்டி இருக்கு, மோட்டார் இருக்கு. மாமா அடிக்க மாட்டாரு. நீ பதினாறு வருசம் படிச்சிட்டு அந்த வூட்டுக் கொல்லையில கழுவுற. நான் படிக்காமயே கூடத்துல ஒக்காரப்போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லை, அவள் பேச்சே அப்படி. பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒனக்கு மாமா மேல ஆசை இருந்துச்சுல்லக்கா? நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

இல்லை என்று அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, மாமாவுக்கு நீண்ட ஆயுசு என்றாள். அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் பாதியிலேயே அணைந்துவிட்டது. மிச்சத்தை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தேன். அதனால் மெழுகு என்று தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

பழைய தக்கை வெயிலில் நன்றாகக் காய்ந்து லேசாகியிருந்தது. மெழுகை உருக்கி அதன் மேல் மெல்லிசாகப் பூசினேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் பெட்ரோலை ஊற்றி அதில் போட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஊகத்தில் எதையும் செய்யக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் அழகாக மிதந்தது. மெழுகு பால் போலக் கரைந்து இறங்கியது. உலை கொதித்து அரிசியைக் களைந்து போடுகிற நேரத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முக்கால்வாசி முழுகி நின்றது. மறுபடி காய வைத்து, மறுபடி பூசி, மறுபடி பார்த்தேன். பூச்சின் கனத்தைக் கூட்டினால் நேரமும் கூடியது. துறையிலிருந்து ஆற்றின் நடுவே ஆழமான ஓட்டத்துக்குப் போய்ச் சேர ஆகிற நேரத்தைக் கரையிலிருந்து பார்த்து வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முன் துறையில் ஆகிற தாமதத்தையும் சேர்த்து, அதற்கு ஏற்ற கனத்தில் பூச்சு போட்டேன். மிச்ச மெழுகு ஜெட்டில் போய் அடைக்கவும் கூடும். அது நான் எதிர்பார்க்காத கூடுதல் வசதி.

ஆவணியில் கல்யாணம் குறித்தார்கள். இந்த வருஷம் ஆடியில் வந்த தண்ணீர் வடியவே இல்லை, ஆவணியிலும் கரை தொட்டு ஓடியது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் மாமா படகில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கும்பகோணம் போய்க் கூறைப்புடவை எடுத்து வருவதாக ஏற்பாடு. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. கொளஞ்சி விலாங்கு மாதிரி நீந்துவான், அவனுக்கு ஆபத்தில்லை என்பதை யோசித்துத்தான் செய்தேன். துடுப்பை நான் தொடவில்லை. அதை மாமாவே எப்போதோ கரையில் இறக்கி வைத்துவிட்டார். "மோட்டார் வச்ச படகுல தொடுப்பு எதுக்குடா? பாக்குறவன் சிரிப்பான்" என்று கொளஞ்சியைத் திட்டி இறக்கினார். வெள்ளத்தில் கோல் ஊன்றினால் தரை எட்டாது. துறைக்குக் கீழே ஆற்றுக்குள் இடிந்த பழைய கல்கட்டு ஒன்று கிடக்கிறது. தண்ணீர் குறைந்தால் தெரியும். வெள்ளத்தில் அங்கே சுழி மட்டும் தெரியும்.

முதல் நாள் மாலை கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டினேன், வழக்கம் போல. புதுத் தக்கையை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். டாங்கியின் குழாயைத் திறக்கிற வரை கிண்ணத்தில் பெட்ரோல் இறங்காது. அதனால் திறக்கிற நிமிஷத்திலிருந்துதான் நேரம் ஓடும். "பீப்பாயில ஓட்டிப் பாக்கலயா பாப்பா?" என்று கொளஞ்சி கேட்டான். பெட்ரோல் கிடைக்கிற கஷ்டத்தில் வீணாக்க வேண்டாம் என்றேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை கரைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பந்தக்கால் நட்டிருந்தது. நட்ட பிறகு கல்யாணப் பெண் எல்லையைத் தாண்டக் கூடாது, ஆற்றைக் கடக்கவே கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையும் கூடாது என்பார்கள். ரெண்டாம் கல்யாணத்துக்கு அதெல்லாம் இல்லை என்று மாமா தள்ளிவிட்டார். பெண் விஷயத்தில் அம்மா இம்மிகூட விடமாட்டாள். பூங்காவனம் படகில் கால் வைக்கமாட்டாள் என்பது என் கணக்கில் உறுதியாக இருந்தது.

மாமா படகில் ஏறி நின்றார். கொளஞ்சி குழாயைத் திறந்தான். அப்போதுதான் பூங்காவனம் அம்மாவின் கையை உதறிக்கொண்டு, "கட்டிக்கப்போறவ நானு. பொடவைய நானே பாத்து எடுக்கிறேன்" என்றாள்.

"சீ, வாய மூடு. பந்தக்கால் நட்டாச்சு. ஆத்தத் தாண்டப்புடாது" என்றாள் அம்மா.

"என்னக்கா நீ" என்றார் மாமா. அவருக்கு அவள் கேட்டது பிடித்துப்போயிற்று, முகம் முழுக்கத் தெரிந்தது. "ஆத்தத் தாண்டுனா என்னா, மோட்டார்ல பொசுக்குனு போயிட்டு வந்துரலாம். தொணைக்கு அம்மாக்கண்ணு வரட்டும்."

அம்மாக்கண்ணு என் அப்பாவின் தங்கை, எங்களுக்கு அத்தை. அவள் கும்பகோணம் பார்த்ததில்லை. அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள்.

அம்மா கேட்கவில்லை. குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். பூங்காவனம் என்னைப் பார்த்தாள். "அக்காவக் கேளு. அக்கா படிச்சவ. அக்கா வேணாம்னா நான் போவல."

மாமாவும் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்து, ஆபீசர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவர் என் படிப்பை மதித்து ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். "ஆமா, நீ சொல்லும்மா சிந்தாமணி. சயன்ஸ் படிச்ச புள்ள. பந்தக்கால் நட்ட பொண்ணு ஆத்தத் தாண்டுனா என்னா ஆயிரும்?"

எல்லோரும் பார்த்தார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவள் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

"ஒன்றும் ஆகாது" என்றேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை. போய்விட்டு வரட்டும்."

"கேட்டியாக்கா?" என்றார் மாமா. கையை நீட்டிப் பூங்காவனத்தின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினார். அவளுக்கு முன்பலகையில் இடம் துடைத்துக் கொடுத்தார். அவள் பாவாடையை ஒதுக்கி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கொளஞ்சி கயிற்றைச் சுண்டினான். முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் அது அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை.

அப்போதாவது ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழாயைத் திறந்தாகிவிட்டது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கொளஞ்சி கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் தக்கை தெரியும். பிறகு மாமா உயிரோடு இருப்பார், கல்யாணம் நடக்கும், பூங்காவனத்தின் வாழ்க்கை பாழாகும். அவளைக் காப்பாற்ற எடுத்த காரியம் அவளாலேயே கெட்டுப்போகும். இது ஒரு காரணம். கரையில் காற்று அதிகம், கத்தினால் கேட்டிருக்காது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் படகு போன பிறகுதான் பொருந்தும் என்பது எனக்கும் தெரிகிறது.

ஆற்றின் நடுவில் மோட்டார் இரண்டு முறை இருமியது. கரும்புகை விட்டது. நின்றுவிட்டது. சத்தம் நின்றதும்தான் ஆற்றின் சத்தம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. கொளஞ்சி கயிற்றை இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். மாமா எழுந்து நின்று அவனை ஏதோ திட்டினார், கேட்கவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பிக் கீழே போயிற்று. அப்பா பழைய ஓடத்தை அவிழ்த்துக் குதித்தார். அவர் வயதுக்கு அது முடியாத காரியம், கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. கல்கட்டில் படகு மோதி நிமிர்ந்து, ஒருக்களித்துக் கவிழ்ந்தது. பூங்காவனத்தின் சிவப்புப் பாவாடை ஒரு தடவை மேலே வந்தது. கொளஞ்சி அவளை நோக்கித்தான் நீந்தினான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமாவை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பூங்காவனம் அணைக்கரைக்கு மேலே நாணலில் கிடைத்தாள். அம்மாக்கண்ணு அத்தை இன்னும் கிடைக்கவில்லை. அத்தையை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

ஊர் என்ன பேசுகிறது என்று உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பந்தக்கால் நட்ட பெண் ஆற்றைத் தாண்டப் போனாள், ஆறு எடுத்துக்கொண்டது என்கிறார்கள். கரையில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். அம்மா காலையும் மாலையும் போய் அதன் முன்னால் விழுந்து, "மீறிட்டோமே ஆத்தா, மீறிட்டோமே" என்று நெற்றியை முட்டிக்கொள்கிறாள். இன்னும் நூறு வருஷத்துக்கு அந்தக் கரையில் ஒரு பெண்ணையும் ஆற்றைத் தாண்ட விடமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொளஞ்சிக்காக மட்டும் நான் வரவில்லை, இதற்காகவும்தான் வந்தேன். காரணம் பந்தக்கால் இல்லை. பெட்ரோலில் மெழுகு கரையும், காய்ந்த தக்கை பெட்ரோலைக் குடிக்கும். வேண்டுமானால் ஒரு தம்ளர் கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கேயே காட்டுகிறேன்.

நேற்று அம்மா என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லிருந்தா நின்னுருப்பாளேடி" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, பாவம், சும்மா சொன்னாள்.

நான் செய்தது எல்லாம் பூங்காவனத்துக்காக. அவளும் படகில் ஏறினாள் என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது. மாமாவைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அத்தையையும் எழுதுங்கள். தங்கையிடம் பொய் சொல்லி அனுப்பினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது சரியில்லை. என்னைக் கேட்டது, ஆற்றைத் தாண்டினால் என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகாது என்றேன். அவர்கள் ஆற்றைத் தாண்டவே இல்லை சார்.